எல்லை மாறிய கோடையில் சத்தியவேட்டுக்கு அம்மைப்பால் கொண்டுபோனேன்

சத்தியவேடு பக்கம் போக வழி கேட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் முதலில் அங்கே போனது 1960 கோடையில், இருபது வயதில். அந்தப் பகுதி சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திராவுக்கு மாறிச் சில வாரங்களே ஆகியிருந்தன. சித்தூரில் நான் அம்மை குத்தும் தற்காலிக ஊழியன். எல்லையோர ஊர் ஒன்றில் பெரியம்மை என்று தகவல் வந்ததும் என்னை அனுப்பினார்கள்.

காலை ஐந்தரைக்கு பஸ். புத்தூரில் மாறி, சத்தியவேடு சேர மதியம் ஒன்றரை. டிக்கெட் மொத்தம் இரண்டு ரூபாய் எழுபது காசு. மடியில் ஐஸ் போட்ட பிளாஸ்க், அதில் அறுபது பேருக்கான அம்மைப்பால், பெரியம்மைக்கான தடுப்பு மருந்து. ஐஸ் கரைந்தால் மருந்து கெட்டுவிடும். அடிக்கடி காதருகே ஆட்டிப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

ஊர்ப் பெயரைக் கேட்டதும் கண்டக்டர், "அங்கயா சார்? மாரியாத்தா எறங்கிக் கீறா. யார் வூட்லயும் குந்தாதீங்க," என்றார். என் கையில் அம்மை குத்திய தழும்பு உண்டு, எனக்கு வராது என்று தெரியும். இருந்தும் இறங்கி மூன்று மைல் நடக்கையில் அந்தத் தழும்பை இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

நோய் கண்ட வீடு ஊரின் தெற்கு ஓரம். அதற்கு எதிரே ஓர் ஓடை, ஓடையைத் தாண்டினால் சென்னை மாநிலம். என் பட்டியலோ வடக்குத் தெருவில் தொடங்கியது. பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும், வரிசைப்படி என்று உத்தரவு. பன்னிரண்டு பேருக்குக் குத்தியிருப்பேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் முனியம்மா.

"எந்த ஊரும்மா?"

"ஓடைக்கு அந்தாண்ட சார். எங்களுக்கு ஊத்துக்கோட்டைலேர்ந்து வருவாங்கன்றாங்க, யாரும் வர்ல. அந்த வூட்டுப் பசங்களோடதான் எம் புள்ளைங்க வெளயாடிக்கினு இருந்துச்சுங்க."

"உங்க பேரு என் பட்டியல்ல இல்லையேம்மா."

"மாரியாத்தா பட்டியல் பாத்தா சார் வர்றா?"

உத்தரவை மீறினால் வேலை போய்விடும். குழந்தையோ என் பிளாஸ்க்கை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். நோய் கண்ட வீட்டிலிருந்து தொடங்கி, சுற்றிலும், ஓடைக்கு அப்பாலும் குத்தினேன். மருந்து தீர்ந்தபோது வடக்குத் தெருவில் ஐந்து வீடுகள் மிச்சம். "ஒங்க பட்டியல்ல கீற எங்களுக்கு இல்லியா?" என்று ஒருவர் மறித்தார். மூன்றாம் நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

சொன்னபடி போய்க் குத்தினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். நோய் கண்ட வீட்டில் ஒரு பிள்ளை இறந்திருந்தது. முனியம்மாவின் குழந்தைக்குக் குத்திய இடம் பொருக்குத் தட்டியிருந்தது; மருந்து பிடித்துவிட்டது. வடக்குத் தெருவில் யாருக்கும் வரவில்லை.

அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள். "நோய் இருந்த இடத்திலிருந்து தொடங்கினேன், மாநிலம் பார்க்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்த புது உத்தரவில் 'வரிசைப்படி' என்ற சொல் இல்லை.

இப்போது போகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழி சுலபம். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதுமே கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்கத்தில் திட்டம் எழுதுகிறவர்கள் யாராவது போனால், ஊரின் கடைசி வீடு வரை நடந்துவிட்டு வாருங்கள்.

நான் செய்தது சரி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஐந்து வீடுகளில் ஒருவருக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைக்க எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.