ராத்தாவின் விலாவில் விழுந்த சிவப்பு வெளிச்சம்

லேசர் கொடுக்கும்போது நோயாளியும் நாமும் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். அதை முதன்முதலாக மாட்டிவிட்டபோது என் ராத்தா, "இதோட கற்பிட்டிக்குப் போனா வெள்ளைக்காரி எண்டு நெனச்சி போட்டுக்காரனுகள் டொல்பின் பாக்கக் கூப்புடுவானுகள்" என்றாள். சிரித்ததில் விலா அசைந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். புத்தளத்தில் ஒரு வைத்தியசாலையின் பிசியோதெரபி அறையில் எனக்கு வேலை. எத்தனையோ பேருக்குக் காட்டிய அந்தச் சிவப்பு வெளிச்சத்தைக் கூடப்பிறந்த மூத்தவளுக்கும் காட்டினேன்.

மச்சான் மௌத்தாகி, புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இருக்கும் இத்தாவில் ராத்தா வீட்டோடு இருந்த நேரம் அவளுக்கு அக்கி கண்டது. சின்ன வயதில் கொப்புளிப்பான் என்ற அம்மை வந்தவர்களின் நரம்புக்குள் அந்தக் கிருமி பதுங்கிக் கிடக்கும். உடம்பும் மனமும் தளர்ந்த நேரம் பார்த்து, பட்டை போட்டாற்போல் ஒரு பக்கமாகக் கொப்பளித்து எழும். வந்த கையோடு மாத்திரை தொடங்கி ஒளியும் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும், வலியும் பெரும்பாலும் அடங்கும். ராத்தாவுக்கு நடந்தது வேறு. அவளுடைய மாமி, மச்சானின் உம்மா, காவியைக் குழைத்து அப்பி, ஓதின தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். இத்தாவில் இருக்கிறவள் படி தாண்டக் கூடாதாம், அந்நிய ஆணான டொக்டர் பார்க்கக் கூடாதாம். நான் பாய்ந்து விழுவேன் என்று தெரிந்து எனக்கும் சொல்லவில்லை.

கடைசியில் வலி பொறுக்காமல் ராத்தாவே போனில் அழுதாள். நான் போய் நேரே பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன். அவர் திகைத்துப்போனார். "மருந்தெடுக்கப் போறதுக்கு இத்தா தடை எண்டு ஆரு சென்ன, புள்ள? என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே" என்றார். உண்மைதான். அவர் வீடு இரண்டு வளவு தள்ளித்தான் இருந்தது, எல்லோரும் தங்களுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

ராத்தாவை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய்க் காவியைக் கழுவி எடுத்தபோது அடியில் புண் காய்ந்திருந்தது, நரம்பு கெட்டிருந்தது. பேனை மாதிரியான லேசர் முனையை இடது விலாவோரம் மெல்ல நகர்த்துவேன். ஒளி பட்ட அன்று கொஞ்சம் தூங்குவாள், மறுநாள் பழையபடி எரியும். சட்டைத் துணி உரசினாலே துடித்துப்போவாள். அவள் மகளுக்கு அப்போது நடக்கிற வயது, உம்மாவின் நெஞ்சில் ஏறிப் படுத்தால்தான் தூக்கம் வரும். அந்தப் பிள்ளையைத் தூக்கி அடுத்த பாயில் போடுவதுதான் எங்கள் வேலையாயிற்று. "வலிய நான் சபூர் செஞ்சி பொறுப்பன். புள்ளய அணைக்க ஏலாமக் கெடக்கே" என்று ராத்தா ஒருநாள் சொன்னாள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இப்போது என் அறைக்குப் புதிய கருவி வந்திருக்கிறது. அக்கி கண்டவர்கள் முதல் கொப்புளத்தோடேயே வருகிறார்கள், சுகமாகிப் போகிறார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனாலும் ராத்தாவும் இப்படி வந்திருக்க வேண்டியவள்தானே.

போன நோன்புக்கு முன் ராத்தா மாரடைப்பில் மௌத்தானாள். அடக்குமுன் அவளைக் குளிப்பாட்ட நானும் அவள் மகளும் நின்றோம். பிள்ளை இப்போது வளர்ந்த பெண். நான் கோப்பையில் தண்ணீர் மொண்டு இடப்பக்கமாக ஊற்றப் போனேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"மெல்ல ஊத்துங்க சாச்சி, அந்தப் பக்கம் உம்மாக்கு நோகும்."