பாய்க்கு நான்கு பிள்ளைகள்

எங்கள் அக்கா தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், பெண்கள் ஐவரில் மூத்தவராகப் பிறந்தார். சிறு வயதிலேயே அம்மாவை இழந்தோம். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கினார். தமக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இதுகள யாரு பாக்கிறது?" என்று தட்டிக்கழித்தார். எங்களைக் கரைசேர்த்தார். அவரிடம் குட்டு வாங்காத தலை எங்கள் வீட்டில் கிடையாது.

அறுபதுகளின் நடுவில் தோட்டத்துப் பிள்ளை மடுவம் அக்காவின் பொறுப்புக்கு வந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணினால் கண் பட்டுவிடும் என்று அவர்களுக்குப் பயம். "எண்ணாதீங்க ஆயம்மா, இதுக என்ன ஆட்டுக்குட்டியா?" என்று ஒரு தாய் சண்டைக்கே வந்துவிட்டார். எண்ணவும் கூடாது, ஒன்றும் குறையவும் கூடாது என்றால் எப்படி? அக்கா ஒரு பாய்க்கு நான்கு பிள்ளைகளாக, மூலைக்கு ஒருவரை உட்கார வைத்தார். ஒரு பார்வை போதும்.

அதையே பிள்ளைகளுக்கும் விளையாட்டாக்கினார். சில தேயிலைக் கொட்டைகளைத் தேங்காய்ச் சிரட்டையால் மூடி, ஒரு நொடி திறந்து காட்டுவார். விரல் விட்டு எண்ணும் பிள்ளைக்கு, "கைய மடக்கு! கண்ணால பாத்துச் சொல்லு!" என்று அதட்டல் விழும். முதலில் இரண்டு, பிறகு மூன்று. நான்கை இரண்டும் இரண்டுமாகப் பார்க்கப் பழக்கினார். கொட்டைகளை எப்படிச் சிதறவிட்டாலும், பேச்சே திருந்தாத வாண்டுகள் "மூணு!" என்று கத்தும்.

தகப்பன்மார் கேலி செய்தார்கள். "மத்த தோட்டத்துப் புள்ளைக நூறு வரைக்கும் சொல்லுது. நம்மளது நாலோட நிக்குதே!"

"நூறு பாட்டு மாதிரி வந்துரும். நாலுன்னா எவ்வளவுன்னு மொதல்ல தெரியட்டும்" என்பார் அக்கா.

ஒரு மழை நாளில் மூடுபனி மடுவத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அக்கா உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண் வந்து சேலையை இழுத்தாள். "ஆயம்மா, எங்க பாயில மூணுதான்."

அக்கா அடுப்பை அப்படியே விட்டு ஓடினார். சண்டைக்கு வந்த அதே தாயின் மகன், மடுவத்துக்குக் கீழே போகும் ரயில் பாதையில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவனை வாரி எடுத்து அக்கா மேடேறுவதற்குள் பதுளை ரயில் கூவிக்கொண்டு கடந்தது. சாயங்காலம் அவன் தாயிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். காலில் விழப் போன தாயைத் தடுத்து, "என்னைய விடுங்க. மூணுதான்னு வந்து சொன்ன அந்தப் புள்ளையத் தூக்கி ஒரு முத்தம் குடுங்க" என்றார்.

அக்கா இருந்த காலம் முழுவதும் எந்தத் தாயும் மடுவத்திலிருந்து வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பியதில்லை. இதைப் பெருமையோடு எழுதுகிறேன்.

கடைசி நாட்களில் பதுளை ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், வாடகை வாங்காமல் வேன் அனுப்பிய பஜார் முதலாளிக்கும், கூடவே நின்ற லயத்துச் சனங்களுக்கும் எங்கள் நன்றி. இன்னும் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

கொள்ளி வைப்பது யார் என்று பேச்சு எழுந்தபோது, அன்று சண்டைக்கு வந்த அந்தத் தாய், ரயில் பாதையிலிருந்து அக்கா தூக்கி வந்த தம் மகனைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். இப்போது அவன் வளர்ந்த இளைஞன். பெற்றவர்கள் உயிரோடிருக்கும்போது பிள்ளை கொள்ளி எடுப்பது ஆகாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை.

"பெத்தவ நான் சொல்றேன். அவன் வைக்கட்டும். அவங்களுக்கும் இவன் மகன்தான்."