ஃபைனா வீட்டுக் கூரை

ரஷ்யாவில் வோலக்தா நகரத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கன்றுப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்ந்தவள் ஃபைனா. புருஷன் அர்காதி இன்னொருத்தியோடு நகரத்துக்குப் போனபோது, அவனுடைய தங்கை ரிம்மா அண்ணன் பக்கம் சாயவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணி வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒருவரையொருவர் வாரிக்கொண்டே காலம் தள்ளினார்கள்.

அந்த ஆகஸ்டில் சூறைக்காற்று கூரையில் பாதியைப் பிய்த்தெறிந்தது. மீதியைக் கழற்றிவிட்டுப் புதுத் தகரம் வாங்கி அடுக்கிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. செப்டம்பரிலும் விடவில்லை. கூரைச் சட்டங்கள் ஊறின. குளிருக்காகப் பரணில் பரப்பியிருந்த மரத்தூள் கூழாயிற்று. பெண்கள் இருவரும் கொல்லையில் இருந்த குளியல் குடிலில் படுத்தார்கள். இப்படியே பனி விழுந்தால் வீடு அவ்வளவுதான் என்று ஃபைனாவுக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்லவில்லை. ரிம்மாவுக்கும் தெரியும்.

ஒரு நாள் காலை மூடுபனி விலகியதும் வெயில் சுள்ளென்று அடித்தது. வேலிக்கு மேலே சிலந்தி நூல்கள் மிதந்தன.

"பொம்பளைங்க கோடை வந்துருச்சு அண்ணி. ஒரு வாரமாவது நிக்கும்," என்றாள் ரிம்மா. குளிருக்கு முன் சில நாள் திரும்பி வரும் வெயிலுக்கு, நடுவயதுப் பெண்களின் கடைசி இளமை மாதிரி என்று அங்கே அப்படிப் பெயர்.

"உன் வயசுக்குப் பொருத்தமான கோடைதான்."

"உங்களுக்கு அதுவும் தாண்டிப்போச்சு."

ஊரே உருளைக்கிழங்கு தோண்ட இறங்கிவிட்டதால் கூரை வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. இருவரும் மரத்தூளை வாளி வாளியாக இறக்கி முற்றத்தில் பரப்பினார்கள். வெயிலும் காற்றும் படப்பட மேலே சட்டங்கள் வெளுத்தன. ஆனால் தகரத்தை யார் அடிப்பது?

மறுநாள் பஸ்ஸிலிருந்து அர்காதி இறங்கினான், தோளில் கருவிப் பையோடு. ஃபைனா நாத்தனாரை முறைத்தாள்.

"நாந்தான் ஃபோன் பண்ணேன். திட்டுறதா இருந்தா கூரை போட்டப்புறம் திட்டுங்க," என்றாள் ரிம்மா.

அர்காதி தொப்பியைக் கசக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றான். "வேணாம்னு சொல்லு ஃபைனா, அடுத்த பஸ்ல போயிடுறேன்."

"ஏணி கொட்டகையில இருக்கு."

இரவில் பக்கத்து வீட்டு வைக்கோல் பரணில் படுத்து, பகலெல்லாம் சுத்தியலடித்தான். பெண்கள் கீழிருந்து தகரத்தை ஏற்றிவிட்டார்கள். ஒருமுறை மேலிருந்தே, "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லாம போனது தப்புதான்," என்றான்.

"மொதல்ல தகரத்தப் பிடிங்க. நழுவுது," என்றாள் ஃபைனா.

எத்தனை வருஷமாக அவனிடம் கேட்க வேண்டுமென்று சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள்! இப்போது அவனுடைய நரைத்த பிடரியைப் பார்க்கையில் அவற்றில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. தேடிப் பார்த்தும் கோபம் அகப்படாதது அவளுக்கே வியப்பாக இருந்தது. அன்று அவன் கேட்காமலேயே முட்டைக்கோஸ் சூப்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

கூரையின் முகடு மூடியதும் அவன் ஊருக்குக் கிளம்பினான். "நல்லா இருங்க," என்றாள் ஃபைனா. மனதாரத்தான் சொன்னாள்.

காய்ந்த மரத்தூளைப் பரணில் பரப்பி, அக்கம்பக்கத்தார் கைகொடுக்கக் கிழங்கையும் தோண்டி முடித்தார்கள். கட்டில்கள் வீட்டுக்குள் வந்தன. அன்று மாலையே வானம் கறுத்து மழை கொட்டியது. ஃபைனா மல்லாந்து படுத்துத் தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கயாவது ஒழுகுதா அண்ணி?"

"இல்லடி. தூங்கு."

ரிம்மா அதற்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.