கண்ணாடி மாட்டியவர்களைப் பிடிக்கிற வேலை

பொறியாளர்கள் விழாமல் பின்னால் நின்று பிடித்துக்கொள்வது என் வேலை; அந்த வேலைக்கு என்னைத் தள்ளிவிட்டவர் எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையின் பொறியாளர் செல்வநாதன். அதற்கு முன் நான் பாய்லர் பகுதியில் இருந்தேன். ஒருநாள் கேண்டீனில், எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, "அண்ணே, உங்களுக்குக் கால் நடுங்குது, இனிமே ஏணி ஏற வேணாம்" என்றார். கால் நடுங்கியது உண்மைதான். சொன்ன இடம்தான் தப்பு. உடனே புக்கிட் ரோத்தான் பயிற்சிக் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வயதான காலத்தில் இடம் மாற்றப்பட்டவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். அதே கேண்டீனில், அதே ஆட்கள் முன்னால், அவர் அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காலி அறையில் ஆலை

கூடத்தில் ஏர்கோனும் வெறுந்தரையும்தான். ஆனால் அங்கே இருக்கும் பெரிய வி.ஆர். கண்ணாடியை முகத்தில் மாட்டினால் முழு ஆலையும் எதிரே நிற்கும். பொறியாளர்கள் அதற்குள் நடந்து பழுது பார்ப்பார்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று பயிற்சி அதிகாரி கிரேஸ் திரையில் பார்ப்பார். பிறகு எல்லாரும் உட்கார்ந்து, அடுத்த வருடம் யார் என்ன படிப்பது என்று பேசி முடிவு செய்வார்கள். படித்தவர்களுக்கும் படிப்பு முடிவதில்லை என்பதில், ஆறாம் வகுப்போடு நின்ற எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சுங்கை பெசார் ஆலையிலிருந்து வந்த பொறியாளர் பைசால் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர், தமிழ் பேசுவார். கண்ணாடியில் மட்டும் தெரிந்த ஒரு கைப்பிடியில் சாயப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்துக்கு நேரே இருந்த சுவரைப் பார்த்தார். மாமா என்பதை மட்டும் மலாயில்தான் சொல்வார். "பாக்சிக், என் படிப்பை கிரேஸ் பாத்துக்கட்டும். என் மூக்கை நீங்க பாத்துக்குங்க."

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜையன்று ஆலையில் எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைப்போம். கூடத்தில் இயந்திரம் என்றால் அந்தக் கண்ணாடிகள்தான். சும்மா விட மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றின் முன்பக்கமும் மூலைக்கு மூலை சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன்.

மறுநாள் வந்த பொறியாளர் இரண்டடி வைத்ததும், ஆலை ஆற்றில் மிதக்கிறது என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மூலைகளில் இருக்கும் குட்டிக் கேமராக்களால்தான் கண்ணாடி இடத்தைத் தெரிந்துகொள்கிறதாம். அவற்றை நான் மூடிவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். தேவாலயத்துக்குப் போகிற பிள்ளை கிரேஸ், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே சொன்னது: "அங்கிள், அடுத்த வருஷம் கண்ணாடி வைக்கிற பெட்டிக்கு வைங்க லா. வாழைப்பழம் நான் வாங்கிட்டு வரேன்."

ஏணி

போன மாதம் செல்வநாதனே வந்தார். கண்ணாடி மாட்டி பாய்லர் ஏணியில் ஏறினார். கால் என்னவோ தரையில்தான். கண்ணுக்கு நாலு மாடி உயரம். பாதியில் நின்றுவிட்டார். முழங்கால் ஆடியது. விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது.

"யாரு, அண்ணனா?"

"நான்தான் சார். மெதுவா இறங்குங்க, புடிச்சிருக்கேன்."

இறங்கியதும், உயரத்தில் வேலை செய்யும் பயிற்சியை முதலில் தன் பெயருக்குப் போடும்படி கிரேஸிடம் சொன்னார். கிரேஸ் அடுத்த அறைக்குப் போனார். செல்வநாதன் கண்ணாடியைக் கழற்றாமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அண்ணே, அன்னிக்கு கேண்டீன்ல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

இந்தக் குளிர்ந்த அறையும், என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளும் இத்தனை பிள்ளைகளும் அவரால் கிடைத்ததுதான், அந்த நன்றி எனக்கு நிறையவே உண்டு. ஆனால் எல்லார் காதிலும் விழுந்த பேச்சை என் ஒருவன் காதில் மட்டும் திரும்ப எடுத்தால் கணக்கு இன்னும் பாக்கிதான்.