பின்சக்கரத்தில் கேட்ட சத்தம்

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து அஸ்தம்பட்டிக்கு நான் கியர் இல்லாத சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். எடுப்பாகத் தெரிகிறதே என்று, கம்பிகள் குறைவான லேசான பின்சக்கரம் ஒன்றை மாட்டினேன். தினமும் கேரியரில் மனைவியும் வருவாள் என்பதை யோசிக்கவே இல்லை.

ஒரு நாள் காலை, இறக்கத்தில் ‘டிங்’ என்று சத்தம் கேட்டது.

“ஏனுங்க, சக்கரத்துல என்னமோ சத்தம் வருதுங்க” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல, கம்முனு உக்காரு” என்றேன்.

அது ஒரு கம்பி அறுந்த சத்தம். அடுத்த வேகத்தடையில் மேலும் இரண்டு கம்பிகள் அறுந்தன. சக்கரம் கோணி, பிரேக்கில் சிக்கி நின்றுவிட்டது. இருவரும் சாலையில் விழுந்தோம். பின்னால் வந்த பேருந்து, அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

இப்போது தடித்த ரிம், முப்பத்தாறு கம்பிகள். கிளம்பும்முன் கம்பிகளை அழுத்திப் பார்த்து, “சரியா இருக்குது, ஏறு” என்பேன். அவளும் குனிந்து அழுத்திப் பார்த்த பிறகுதான் ஏறுகிறாள். நான் கம்முனு நிற்கிறேன்.