கூரைக்கு மேலிருந்து வந்த பதில்

தோர்ண்டன் ஹீத்தில் நண்பர் குகனின் வீடு. பனிக்காலத்துக்குள் பழைய ஓட்டுக் கூரையைச் சரிசெய்ய வேண்டுமாம். ஊர் பார்க்க வந்த என்னைப் பரணில் ஏற்றிவிடுகிறார்.

"லைற் போடாதேங்கோ. ஓடு விலகின இடத்தில வெளிச்சம் தெரியும். அதில தும்புத்தடியால தட்டுங்கோ. நான் மேல நிண்டு ரெண்டு தரம் தட்டிப்போட்டு ஓட்டைத் தள்ளி விடுவன்."

நீளக் காம்புத் துடைப்பமும் கையுமாக இருட்டில் தவழ்கிறேன். ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம். தட்டுகிறேன். மேலிருந்து இரண்டு தட்டு. ஓடு உரசுகிறது, வெளிச்சம் அணைகிறது. இப்படியே நகர்ந்து புகைபோக்கி ஓரத்துக்கு வந்துவிட்டேன். அங்கேயும் ஒன்று. தட்டியதும் உடனே பதில் வருகிறது, என் கைக்கு நேர் மேலே. அதுவும் மூடிக்கொள்கிறது.

"இருக்கிறியளோ? குறை நினையாதேங்கோ, சுணங்கிப் போச்சு."

பரண் வாசலுக்குக் கீழே குகன் அண்ணாந்து நிற்கிறார்.

"எல்லா ஓட்டையும் அடைச்சாச்சே. எப்ப இறங்கினீங்க?"

"நான் எங்க ஏறினனான்? எங்கட ஏணி எட்டேல்லை. பக்கத்து வீட்டில பெரிய ஏணி கேக்கப் போட்டு இப்பதான் வாறன்."

தலைக்கு மேல் மறுபடியும் இரண்டு தட்டு. இந்த முறை நான் தட்டவே இல்லை.