மல்லப்ப மேஸ்திரியும் என் வலது காலும்

மெக்கானிக் மல்லப்ப மேஸ்திரி தவறிவிட்டார் என்ற செய்தியை மாரண்டஹள்ளி பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். பாலக்கோட்டில் டாக்டரம்மாவின் வைத்தியசாலை வாசலில், நான் ஓட்டும் அவர் காரின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "நம்ம மேஸ்திரி காலையில போயிட்டாருங்க" என்றார். தண்ணீர் நிரம்பி வழிந்து என் காலை நனைத்தது.

இந்த இரங்கல் கூட்டத்தில் நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச்சு வராது, கோபம்தான் வரும். அதனால் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். முழுவதையும் படிக்க விடுங்கள். நடுவில் யாராவது மாலை போட எழுந்து வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர எனக்குத் தைரியம் இருக்காது.

அந்தக் கார் உங்களுக்கெல்லாம் தெரியும். முப்பதுகளின் தொடக்கத்தில் டாக்டரம்மா வாங்கும்போதே அது பழைய வண்டி. கியர் மாற்றும் கோல் கிடையாது. காலடியில் மூன்று பெடல்கள். இடதை அழுத்தினால் மெதுவான கியர், விட்டால் வேகமான கியர். நடுப்பெடல் பின்னால் போக. வலது பெடல் பிரேக். வேகம் கூட்டுவது ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த கைப்பிடியில். நான் ஓட்டக் கற்றதே அதில்தான், வேறு வண்டியைத் தொட்டதில்லை. பத்து வருடம் என் கால்கள் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டன. நான் சாலையையும் குறுக்கே வரும் மாடுகளையும் பார்த்தால் போதும்.

போர் வந்தது. உதிரிச் சாமான்கள் வருவது நின்றுபோய், உள்ளே கியரைப் பிடிக்கும் பட்டைகள் தேய்ந்தன. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து, பின்னால் கரி அடுப்பை மாட்டிக் கரிவாயுவில் ஓட்டத் தொடங்கியதும் இஞ்சினின் பலமும் போயிற்று. ஒருமுறை வத்தல்மலை அடிவாரத்துக்குப் பிரசவம் பார்க்கப் போனபோது மேட்டில் வண்டி நின்றுவிட்டது. டாக்டரம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்தார். திரும்பியதும் மல்லப்பரை வரச் சொன்னார்.

அவர் ஒரு நீளக் கம்பியை இஞ்சினில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார். "பட்டை கெடைக்காதுங்கம்மா. உள்ள இருக்கற கியரையே கழட்டிப் போட்டுட்டு வேற கியர்பாக்ஸ் வெச்சிரலாம்" என்றார். தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த ஒரு காரின் மூன்று கியர் பெட்டி அவர் ஷெட்டில் கிடந்தது.

சொன்னது சுலபம், செய்ய இரண்டு மாதம் ஆயிற்று. இஞ்சினுக்குப் பின்னால் அதோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் பொறி உண்டாக்கும் காந்தங்கள் இருந்தன. புதுப் பெட்டிக்கு அவை இடைஞ்சல் என்று கழற்றிவிட்டு, பேட்டரியும் காயிலும் வைத்தார். கிராங்க் தண்டின் முனையைச் சேலத்தில் லேத்தில் கொடுத்துத் துளைத்து, கியர் தண்டின் மூக்கு உட்காரப் புஷ் என்கிற பித்தளை வளையத்தை இறக்கினார். இஞ்சினையும் பெட்டியையும் சேர்க்க நடுவில் கனமான இரும்புத் தகடு. அது எங்கே சரியாகப் படிகிறது என்று பார்க்க விளக்கெண்ணெயில் குங்குமத்தைக் குழைத்துப் பூசுவார். பொருத்தி எடுத்து, சிவப்புப் பட்ட இடத்தை மட்டும் அரத்தால் ராவுவார். மறுபடி பூசுவார்.

"எனக்கு வாங்கின குங்குமம் பூரா இரும்புக்கே போவுது" என்பார் அவர் மனைவி கெம்பம்மா.

"நீ பாத்த அன்னிக்கே ஒட்டிக்கிட்டே. இது இன்னும் ஒட்ட மாட்டேங்குதே" என்பார் மேஸ்திரி.

பெடல்களை மற்றக் கார்களில் உள்ளதுபோலவே வைத்தார். இடது கிளட்ச், நடு பிரேக், வலது ஆக்ஸிலேட்டர். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "பழகிக்குவியா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. சேலத்துல கியர் வண்டி ஓட்டற ஆளுங்க இருக்காங்க. கர்ப்பிணிங்கள ஏத்திட்டுப் போற வண்டி இது." அவர் கேட்டது நியாயம். ஆனால் வைத்தியசாலைக்குப் பின்னால் நான் குடியிருந்த வீடு இந்த வேலையோடு வந்தது. நான்கு பிள்ளைகள். "பழகிட்டேங்கம்மா" என்றேன். நிறுத்தி வைத்த வண்டியில் மூன்று நாள் உட்கார்ந்து மிதித்ததற்குப் பெயர் பழக்கமா?

சோதனை ஓட்டத்துக்காக டாக்டரம்மா சேர்த்து வைத்திருந்த பெட்ரோலை ஊற்றினோம். அவர் மேஸ்திரியின் ஷெட் வாசலில் நின்றார். மல்லப்பர் வண்டிக்கு முன்னால், என்னைப் பார்த்தபடி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பின்னோக்கி நடந்தார். இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பு. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். நான் வலது பெடலை ஓங்கி மிதித்தேன். கார் பாய்ந்தது. நிற்கவில்லையே என்று இன்னும் அழுத்தினேன். பின்னால் நின்ற புளியமரத்துக்கும் காருக்கும் நடுவில் அவர் கால் சிக்கியது.

டாக்டரம்மா ஓடிவந்து, "என்ன பண்ணின நீ?" என்றார். தரையில் கிடந்தவர்தான் பதில் சொன்னார்.

"அவரு மேல தப்பில்லீங்கம்மா. ஆக்ஸிலேட்டர் கம்பி சிக்கிக்கிச்சு. நாந்தான் சரியா மாட்டல."

எலும்பு கூடியது, ஆனால் கால் கட்டையாகிவிட்டது. ஊன்றுகோலோடு எழுந்ததும் அவர் செய்த முதல் வேலை, என் பெடல்களைப் பிரித்தது. வலதில் பிரேக்கை வைத்தார், வேகத்தைக் கைப்பிடிக்கே கொண்டுபோனார், நடுப்பெடலை எடுத்தே விட்டார். "வண்டியத்தான் அளந்தேன். உங்க காலை அளக்க வுட்டுட்டேங்க" என்றார். அதன் பிறகு எந்த மேட்டிலும் டாக்டரம்மா இறங்கி நடந்ததில்லை.

ஆனால் கம்பி மாட்டத் தெரியாதவர் என்ற பேச்சு பரவியது. பஸ் முதலாளிகள் அவரிடம் வண்டி விடுவதை நிறுத்தினார்கள். பிறகு அவர் கைக்கு வந்தது கிணற்று ஏற்றமும் மாட்டுவண்டி அச்சும்தான். கெம்பம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, "ஒருக்கா பாத்து மாட்டியிருக்கலாமில்ல" என்று அவர் தன் கணவரைத் திட்டுவதை எத்தனை முறை கேட்டிருப்பேன். ஒருநாள் தாங்காமல், டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மேஸ்திரியிடம் தனியாகச் சொன்னேன்.

"உங்க புள்ளைங்க பெருசாவட்டுங்க. எனக்குக் கை இருக்குது, எங்கயும் பொழச்சிக்குவேன்" என்றார்.

பிள்ளைகள் பெரியவர்களானார்கள். போர் முடிந்தது, சுதந்திரம் வந்தது, மூத்தவன் ரயில்வேயில் சேர்ந்தான். நான் சொல்லவில்லை.

டாக்டரம்மா, கம்பி சிக்கவில்லை. பிரேக் என்று நினைத்து நான்தான் மிதித்தேன். கெம்பம்மா, அவர் சரியாகத்தான் மாட்டியிருந்தார். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவர் நினைவாக ஸ்பேனரும் அரமும் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நான் வைத்திருந்தது அவருடைய நல்ல பெயரை. ஆறு வருடம் அதில்தான் என் குடும்பம் சாப்பிட்டது. இன்று கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.